அவர்கள் குழம்புவதும் நாம் குழம்புவதும்

போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் பள்ளி இலக்கண நூல்களிலும் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். 'அஃபெக்ட்', 'இஃபெக்ட்', 'ஸ்டேஷனரி' என்று ஒலிக்கும் இரண்டு, 'காம்ப்ளிமென்ட்' என்று ஒலிக்கும் இரண்டு, 'தேர்' என்று ஒலிக்கும் மூன்று. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் இரட்டை, கீழே தலா ஒரு வாக்கியம். மாணவர் மனப்பாடம் செய்கிறார். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்குகிறார். பிறகு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது பழையபடியே தடுமாறுகிறார்.

பட்டியல் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுகிறது? அதில் பெரும்பகுதி நமக்காகத் தயாரானதே இல்லை என்பது என் வாதம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் தங்களுக்குள் திருத்திக்கொள்ள எழுதியதை நாம் அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறோம். 1926-இல் வெளிவந்த ஹென்றி ஃபவுலரின் ஆங்கில வழக்குக் கையேட்டில் இப்படிப்பட்ட இணைகளுக்கென்றே ஒரு தனிப் பதிவு உண்டு. ஃபவுலர் எழுதியது படித்த ஆங்கிலேயருக்கு. அவர்களுடைய குழப்பமும் சென்னையிலோ திருச்சியிலோ ஆங்கிலம் கற்கும் ஒருவரின் குழப்பமும் ஒரே இடத்தில் பிறப்பவை அல்ல.

ஆங்கிலேயக் குழந்தை மொழியை முதலில் காதால் கற்கிறது. எழுத்து சில ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. ஆகவே ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் இடங்களில் அது சறுக்கும். 'அங்கே', 'அவர்களுடைய', 'அவர்கள் இருக்கிறார்கள்' ஆகிய மூன்றும் அதன் காதுக்கு ஒரே 'தேர்'தான். 'செய்திருக்கலாம்' போன்ற இடங்களில் வரும் 'குட் ஹேவ்' என்பதைக் 'குட் ஆஃப்' என்று எழுதுவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சர்வசாதாரணப் பிழை. நம் மாணவர் அந்தப் பிழையைச் செய்வது அரிது. அவர் 'குட் ஹேவ்' என்பதைப் பாடநூலில் கண்ணால் பார்த்த பிறகே காதால் கேட்டவர். அவருக்குச் சிக்கல் 'பாரோ', 'லெண்ட்' என்ற இரண்டில். ஒன்று கடன் வாங்குவது, மற்றது கடன் கொடுப்பது. அந்த இரண்டும் ஒலியில் ஒட்டு உறவுகூட இல்லாதவை. ஆங்கிலேயர் பட்டியலில் அவற்றுக்கு அநேகமாக இடம் கிடைக்காது.

நம் மொழியிலும் இதற்கு நேர்ச்சான்று உண்டு. பள்ளியில் நாம் படித்த மயங்கொலிச் சொற்கள், அதாவது பனியும் பணியும், அரமும் அறமும், வாலியும் வாளியும், தமிழைக் காதால் கற்ற தமிழருக்கான பட்டியல். பேச்சில் ணகர னகர வேறுபாடு தேய்ந்துபோனவருக்கே அது தேவைப்படுகிறது. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒரு ஜப்பானியரிடம் அதைக் கொடுத்தால் பாதி உதவும். 'வந்துவிட்டான்', 'வந்திருக்கிறான்' என்று அவர் திணறுகிற இடத்துக்கு அதில் மருந்து இருக்காது.

மொழி கற்போரின் பிழைகளை இப்படிப் பிறப்பிடம் பார்த்துப் பிரிக்கும் ஆய்வு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சூடுபிடித்தது. இரண்டு மொழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார் ராபர்ட் லாடோ. அவருடைய நூல் வந்தது 1957-இல். அது சற்று அதிகப்படியான நம்பிக்கை என்பது பிறகு தெரிந்தது; தாய்மொழி எதுவானாலும் எல்லாரும் செய்யும் பிழைகளும் இருக்கின்றன. 1967-இல் பிட் கார்டர் பிழையை இரண்டாகப் பிரித்தார். தெரிந்தும் கைதவறிச் செய்வது ஒன்று. கற்பவர் மனத்தில் உருவாகியிருக்கும் விதியே வேறாக இருப்பதால் வருவது மற்றொன்று. முதலாவதைச் சிவப்பு மையால் சுழித்தால் போதும். இரண்டாவதை எத்தனை முறை சுழித்தாலும் அது திரும்ப வரும்.

குழப்பத்தில் ஒரு பங்கு ஆங்கிலத்தின் சொந்தத் தயாரிப்பு. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எதைத் தர்க்கத்தால் பிடிக்கலாம், எதை மனப்பாடம்தான் செய்தாக வேண்டும் என்று தெளிவாகும். வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தது 1476-இல். எழுத்துக்கூட்டல் அச்சில் மெல்ல உறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் நெட்டுயிர்களின் உச்சரிப்பு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஒலி நகர்ந்துவிட்டது, எழுத்து நின்றுவிட்டது. இரவைக் குறிக்கும் 'நைட்'டும் குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்'டும் இன்று ஒரே ஒலி. பிந்தையதன் தலையில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உண்மையாகவே உச்சரிக்கப்பட்டது.

இன்னொரு வகை இதைவிடச் சுவையானது. இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஆனதால் வந்த குழப்பமல்ல அது. ஒரே சொல்லை இரண்டாக வெட்டியதால் வந்தது. 'தென்', 'தேன்' என்ற இரண்டும், அதாவது 'அப்போது' என்பதும் ஒப்பிட்டுச் சொல்லும் 'விட' என்பதும், முன்பு ஒரே சொல். நம் வாயில் 'ஆஃப்' என்றே ஒலிக்கும் இரண்டும், அதாவது 'உடைய' என்பதும் 'விலகி' என்பதும், அப்படியே. மாவைக் குறிக்கும் 'ஃப்ளவர்' பூவைக் குறிக்கும் அதே சொல்தான்; தானியத்தில் சிறந்த பகுதி என்ற பொருளில் கிளைத்து, பிறகு தனி எழுத்துக்கூட்டல் பெற்றது. உலோகத்தைக் குறிக்கும் 'மெட்டல்', மன உரத்தைக் குறிக்கும் 'மெட்டில்', இவையும் உடன்பிறப்புகள். 'காம்ப்ளிமென்ட்' இரண்டுக்கும் மூலம் நிறைவாக்குதல் என்னும் ஒரே லத்தீன் சொல். ஒன்று நேராக வந்து நிறைவுசெய்வதைக் குறித்தது. மற்றது இத்தாலியம், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து, மரியாதையை நிறைவாகச் செலுத்துதல் என்ற வழியில் பாராட்டு ஆயிற்று. நடுவில் 'ஈ' இருந்தால் நிறைவு, 'ஐ' இருந்தால் பாராட்டு.

'ஸ்டேஷனரி' கதையும் இதே மாதிரிதான். இடைக்காலத்தில் தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களிலிருந்து வேறுபட்டு, பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு அருகில் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் 'ஸ்டேஷனர்', அதாவது ஓரிடத்தில் நிலையாக நிற்பவர். லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557-இல் அரச பட்டயம் கிடைத்தது. அவர் விற்ற தாளும் மையும் 'ஈ'-யோடு எழுதப்படும் எழுதுபொருள்; நகராமல் நிற்பதைக் குறிப்பது 'ஏ'-யோடு. ஆங்கில ஆசிரியர்கள் உறையைக் குறிக்கும் 'என்வலப்' 'ஈ'-யில் தொடங்குகிறதல்லவா என்று நினைவுக்குறி தருவார்கள். சின்ன வித்தைதான், வேலை செய்கிறது. கதையும் குறியும் சேர்ந்தால் மறக்கவே மறக்காது.

'இட்ஸ்' விஷயத்தில் ஆங்கிலேயரைக் கொஞ்சம் மன்னிக்கலாம். அஃறிணை உடைமையைக் காட்டும் அந்தச் சொல்லே 1600-ஐ ஒட்டித்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முன் ஆண்பாலுக்குரிய 'ஹிஸ்' அந்த வேலையையும் பார்த்தது. புதிய சொல்லை நெடுங்காலம் மேற்குறியோடு எழுதினார்கள், மதிப்புக்குரியவர்கள் உட்பட. இன்று அதே எழுத்துக்கூட்டல் பிழை. பெயர்ச்சொற்களின் உடைமைக்கெல்லாம் மேற்குறி போடச் சொல்லிவிட்டு இதற்குப் போடாதே என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இனி நம் பக்கம். முதலில் ஒலி. தமிழ் எழுத்துமுறையில் 'ப' ஒன்றுதான். அது எங்கே வல்லென்று ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதை இடம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் பொருளை மாற்றும் தனித்தனி ஒலிகள். 'எஃப்' ஒலியும் 'இஸட்' ஒலியும் நம் அடிப்படை ஒலிகளில் இல்லை. விளைவு தமிழ்நாட்டில் தினமும் கேட்பதுதான்: குடிப்பதும் காப்பி, பக்கத்து இருக்கைக்காரனைப் பார்த்து அடிப்பதும் காப்பி. தமிழுக்குள் பேசும்வரை இதனால் யாருக்கும் நட்டமில்லை, சூழல் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் அந்தச் சேர்க்கை கணக்குக் கேட்கிறது.

'லூஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 'ஓ' போட்டு எழுதினால் இழப்பது, தோற்பது. இரண்டு 'ஓ' போட்டால் தளர்ந்திருப்பது. முன்னதன் முடிவில் 'இஸட்' ஒலி, பின்னதில் 'எஸ்' ஒலி. இந்தக் கட்டுரையில்கூட இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. ஒலி வேறுபாடு காதில் விழாதவருக்கு எழுத்து வேறுபாடு வெறும் தற்செயலாகத் தெரியும். தற்செயலை மூளை நெடுநாள் வைத்துக்கொள்ளாது. 'அட்வைஸ்' இரண்டும் இதே சிக்கல்தான். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்குச் 'சி', அறிவுரை கூறு என்ற வினைக்கு 'எஸ்', அந்த 'எஸ்' ஒலிப்பது 'இஸட்'-ஆக.

இங்கேதான் வழிகாட்டி நூல்கள் பெரிய வாய்ப்பு ஒன்றைத் தவறவிடுகின்றன. 'அட்வைஸ்' தனி இணை இல்லை, ஒரு குடும்பத்தின் உறுப்பு. நம்பிக்கை 'பிலீஃப்', நம்பு 'பிலீவ்'. சான்று 'புரூஃப்', நிறுவு 'புரூவ்'. துயரம் 'கிரீஃப்', துயருறு 'கிரீவ்'. மூச்சு 'பிரெத்', மூச்சுவிடு 'பிரீத்'. பயன் என்ற 'யூஸ்', பயன்படுத்து என்ற 'யூஸ்'. எல்லாவற்றிலும் பெயர் வல்லென்று முடிகிறது, வினை மெலிந்து முடிகிறது. 'லூஸ்' வரலாற்றில் இந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை என்றாலும் வேலைக்குப் பொருந்திவிடுகிறது: வினையில் மெலிவு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு இடையே நின்ற 'எஃப்', 'எஸ்' போன்ற உரசொலிகள் தாமாகவே மெலிந்தன. வினைச்சொற்களின் கடைசியில் அப்போது ஓர் உயிர் விகுதி இருந்தது. அந்த விகுதி பின்னாளில் உதிர்ந்தாலும் அது உண்டாக்கிய மெலிவு தங்கிவிட்டது.

தமிழ் மாணவருக்கு இது அந்நியமான செய்தியா? பாடு, பாட்டு. எழுது, எழுத்து. பேசு, பேச்சு. வீசு, வீச்சு. வினையில் உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினம் மெலிந்து ஒலிக்கிறது. பெயரில் அது இரட்டித்து வலுக்கிறது. தோன்றிய முறை வேறு, காதில் விழும் கோலம் ஏறக்குறைய ஒன்றே. 'பாடு'வில் ஒலிக்கும் டகரத்தையும் 'பாட்டு'வில் ஒலிக்கும் டகரத்தையும் ஒருமுறை உரக்கச் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு 'அட்வைஸ்' இரண்டையும் சொல்லிக் காட்டினால் வகுப்பில் பலருக்குச் சட்டென்று பிடிபடும் என்றே நினைக்கிறேன். பத்து இணைகளைத் தனித்தனியே உருப்போடும் வேலை ஒரு விதியாகச் சுருங்குகிறது. ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிட வேண்டும்: 'பிராக்டிஸ்' பெயரானாலும் வினையானாலும் ஒலி ஒன்றே. பிரிட்டிஷ் வழக்கு 'அட்வைஸ்' சாயலில் எழுத்தை மட்டும் மாற்றுகிறது. அமெரிக்கர்கள் அந்தச் சிரமத்தையும் விட்டுவிட்டு எங்கும் 'சி' போடுகிறார்கள்.

இதைவிட நேரான உறவு 'லை', 'லே' இணையில் இருக்கிறது. ஆங்கிலேயர்களே ஆயுள் முழுக்கத் தடுமாறும் இணை இது. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'சிட்' அமர், 'செட்' அமர்த்து. 'ஃபால்' வீழ், மரத்தை வெட்டிச் சாய்ப்பதைக் குறிக்கும் 'ஃபெல்' வீழ்த்து. தன்வினை, பிறவினை என்று பள்ளித் தமிழ்ப் பாடத்தில் படித்த அதே பாகுபாடு. பழைய ஜெர்மானிய மொழிகளில் பிறவினை ஆக்குவதற்கு ஒரு விகுதி இருந்தது. அது மறைந்துபோய், உள்ளே இருந்த உயிரொலியின் மாற்றம் மட்டும் எஞ்சி நிற்கிறது. தமிழில் விகுதி பளிச்சென்று தெரிகிறது, ஆங்கிலேயருக்குத் தெரியவில்லை. எதைக் கிடத்தினாய், எதை எழுப்பினாய் என்று கேட்டுப் பதில் வந்தால் பிறவினைச் சொல்லைப் போடு. இது தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம். ஒரே ஒரு முடிச்சு பாக்கி: 'லை' என்பதன் இறந்தகால வடிவமும் 'லே'தான். அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

ஒலி மயக்கம் தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் 66, தரையிறங்குமுன் ஒரு குன்றில் மோதியது. நான்கு பணியாளர்களும் இறந்தார்கள். 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டு அறை இலக்கங்களைத் தனித்தனியே சொன்னது. முதல் இலக்கமான 'டூ' விமானியின் காதில் 'அளவுக்கு' என்னும் 'டூ'-வாக விழுந்தது. 400 அடி என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படியே திருப்பியும் சொன்னார். அது திருத்தப்படவில்லை. விமானிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர்கள். ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் இருக்கும் இடத்தில் எவரும் தப்புவதில்லை.

பொருளுக்கு வருவோம். நம்முடைய குழப்பத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைத்தான். கிளிஃபர்ட் பிரேட்டர் என்ற அறிஞர் 1967-இல் மொழி கற்பதில் உள்ள இடர்களைப் படிநிலையாக அடுக்கினார். தாய்மொழியில் ஒன்றாக இருப்பது புதிய மொழியில் இரண்டாகப் பிரிவதையே உச்சப் படியில் வைத்தார். எதிர்த்திசை எளிது. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரையும் 'அங்கிள்' என்று மூட்டைகட்ட நமக்கு ஒரு நாளும் ஆகவில்லை. ஆனால் 'பார்' என்ற ஒரே வினையை 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்று பிரிக்கச் சொன்னால் கல்லூரி முடித்தவரும் யோசிக்கிறார். கண்ணில் தானாகப் படுவது 'சீ'. வேண்டுமென்று பார்வையைத் திருப்புவது 'லுக்'. நகர்வதை, மாறுவதைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. 'கேள்' இன்னும் மோசம். காதில் விழுவது, காது கொடுப்பது, வினவுவது என மூன்று ஆங்கில வினைகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

நிழலும் அப்படி. மரத்தடியில் இளைப்பாறுவது 'ஷேட்', நம் காலடியில் நீளும் உருவம் 'ஷேடோ'. கை என்பது தோள் முதல் விரல்நுனி வரை நமக்கு ஒன்றே. ஆங்கிலத்தில் மணிக்கட்டில் எல்லைக்கோடு விழுகிறது. காலும் கணுக்காலில் இரண்டாகிறது, விரலுக்கும் கைக்கொன்று காலுக்கொன்று என வெவ்வேறு பெயர். வெளிநாட்டு மருத்துவரிடம் பாதத்தில் வலியிருக்கும் ஒருவர் 'லெக்' என்று சொன்னால் அவர் முழங்காலை அமுக்கிப் பார்ப்பார். தேர்வுக்கு வராத இணை, வாழ்க்கைக்கு வரும் இணை.

பட்டியலில் அவசியம் சேர வேண்டியதாக நான் கருதுவது 'டவுட்', 'சஸ்பெக்ட்' இணையை. இரண்டையும் 'சந்தேகப்படு' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவை ஏறக்குறைய எதிரெதிர். அவன் திருடியிருப்பான் என்று 'டவுட்' செய்தால், திருடியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன் என்று பொருள். 'சஸ்பெக்ட்' செய்தால், திருடியிருப்பான் என்று நினைக்கிறேன். அலுவலக விசாரணை அறிக்கையில் ஒருவர் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரே வரியில் விடுதலையாகிவிடுவார். இதோடு வகுப்பறை 'டவுட்' வேறு. இந்திய ஆங்கிலத்தில் அது விளக்கம் கேட்கும் கேள்வி. இங்கிலாந்துப் பேராசிரியரிடம் உங்கள் உரையில் எனக்கு 'டவுட்' இருக்கிறது என்றால் நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று அவர் முகம் சுருக்கக்கூடும்.

தமிழில் குடியேறிய ஆங்கிலச் சொற்களும் இப்படித்தான் நண்பர்போல் நடித்து ஏமாற்றும். நம் ஹோட்டலில் சாப்பிடலாம், அவர்கள் ஹோட்டலில் தங்கலாம். கடைக்காரர் தரும் 'கவர்' அங்கே 'பேக்'. பீரோ நமக்கு இரும்பு அலமாரி, இங்கிலாந்தில் எழுதுமேசை. இவற்றை நீட்ட வேண்டியதில்லை. ஒருமுறை சொன்னால் சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

நமக்குத் தேவையே இல்லாத இணைகளும் பட்டியலில் உண்டு. 'கம்', 'கோ' அவற்றில் ஒன்று. உன் வீட்டுக்கு நான் போகிறேன் என்று ஜப்பானியர் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் வருகிறேன் என்கிறார்; நாமும் அப்படியே. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்துவைத்தது ஆங்கிலத்தின் அந்த இணைக்கும் பெரும்பாலும் செல்லும். ஜப்பானியருக்குப் பாடநூலில் இரண்டு பக்கம் வேண்டும். நமக்கு ஒரு வரி போதும்.

இன்னும் சில இணைகள் ஆங்கிலேயருக்குள்ளேயே தீராத வழக்குகள். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூயர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்ற விதியின் வேர் ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-இல் தன் விருப்பமாகச் சொன்ன ஒரு குறிப்பு. ஆல்ஃபிரட் அரசர் காலத்திலேயே 'லெஸ்' எண்ணக்கூடியவற்றோடும் வந்திருக்கிறது. ஆனாலும் டெஸ்கோ அங்காடிகள் 2008-இல் பத்துப் பொருள் வரை வாங்குவோருக்கான பலகையை, இந்த இரண்டு சொல்லையுமே தவிர்க்கும்படி மாற்றி எழுதின. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' நடுநிலையானவருக்கு மட்டுமே, ஆர்வமில்லாதவருக்கு ஆகாது என்று ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அது ஆர்வமின்மையையும் குறித்தது. தேர்வுக்காக விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குமேல் இவற்றில் செலவழிக்க வேண்டாம்.

எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் ஆய்வுகள் வழிகாட்டி நூல்களுக்கு நேர் எதிராகப் பேசுகின்றன. இஸ்ரேலின் பாட்டியா லாஃபர் 1980-களில் வடிவம் ஒத்த சொற்களுக்கென்றே தனிப் பெயரும் வகைப்பாடும் உருவாக்கினார். 'அடாப்ட்', 'அடாப்ட்' என்று நம் எழுத்தில் வேறுபாடே தெரியாத அந்த இரண்டு, தகவமைத்துக்கொள்வதும் தத்தெடுப்பதும், அவர் ஆராய்ந்த வகையைச் சேர்ந்தவை. கற்பவர் சொல்லின் தலையையும் வாலையும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ள உயிரை நழுவவிடுகிறார். தாய்மொழிக்காரரும் அப்படித்தான். 1775-இல் ஷெரிடனின் நாடகத்தில் வந்த மாலப்ராப் அம்மையார் இந்த நழுவலுக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாம் டிங்கம் 1993-இலும், அதே சோதனையை ஜப்பானிய மாணவர்களிடம் ராப் வேரிங் 1997-இலும் செய்து பார்த்தார்கள். பொருளால் நெருங்கிய புதுச்சொற்களைச் சேர்த்துக் கற்பித்தால், தொடர்பற்ற சொற்களைக் கற்பதைவிட அதிக நேரம் பிடித்தது. ஒன்று மற்றதோடு சிக்கிக்கொண்டது. சொற்கற்றல் ஆய்வில் பெரிய பெயரான நியூசிலாந்தின் பால் நேஷன் 2000-இல் இவற்றைத் தொகுத்து ஆசிரியர்களை எச்சரித்தார். இரண்டு புதுச்சொற்களை ஒரே நாளில் ஜோடியாக அறிமுகம் செய்வது குழப்பத்தைத் தீர்ப்பதில்லை, சில சமயம் அதை உண்டாக்கவே செய்கிறது. 'இஃபெக்ட்' என்றால் விளைவு என்பது முதலில் நன்றாக ஊன்றட்டும். சில வாரம் கழித்து, பாதிப்பதைக் குறிக்கும் 'அஃபெக்ட்' வரட்டும்.

அப்படியானால் அருகருகே வைப்பதே தவறா? இல்லை. நேட் கார்னெலும் ராபர்ட் பியார்க்கும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஓவியர்களின் படங்களைக் கலந்து பார்த்தவர்கள், ஒவ்வொருவர் படத்தையும் மொத்தமாகப் பார்த்தவர்களைவிட நன்றாக அவர்களைப் பிரித்தறிந்தார்கள். வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஒப்பீடு வேண்டும். ஓவியர் பாணி வேறு, சொல் வேறு என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் இரண்டு முடிவுகளையும் சேர்த்து வைத்தால் ஒரு கால வரிசை கிடைக்கிறது என்பது என் வாசிப்பு: கற்கும்போது தனித்தனியே, தெரிந்த பிறகு திருத்தும்போது பக்கம் பக்கமாக. நம் பட்டியல்கள் இரண்டாவது கட்டத்துக்கான கருவியை முதல் கட்டத்தில் பயன்படுத்துகின்றன.

மருந்துத் துறையில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கு உதவும். ஒத்த பெயர் கொண்ட மருந்துகளால் நேரும் தவறுகளை உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் தன் நோயாளர் பாதுகாப்புப் பரிந்துரைகளில் முதலாவதாக வைத்தது. அமெரிக்காவில் 'லோசெக்' என்ற வயிற்றுப்புண் மருந்து, சிறுநீர் பெருக்கும் 'லேசிக்ஸ்' மருந்தோடு மாறிப்போகிறது என்பதால் 1990-இல் 'பிரைலோசெக்' என்று பெயர் மாறியது. பெயரை மாற்ற முடியாத இடங்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கத்தை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001-இல் தொடங்கியது. கண் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடத்தில் அதை நிறுத்துவதே நோக்கம். கரும்பலகையில் 'ஸ்டேஷனரி' எழுதும்போது அந்த ஒரே உயிரெழுத்துக்கு மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டி எடுக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

அகராதியும் ஒத்துழைக்க வேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பல, சொல்லுக்கு எதிரே இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' இரண்டுக்கும் எதிரே 'பொருளாதார' என்றிருந்தால் என்ன பயன்? முன்னது கொள்கையோடும் வளர்ச்சியோடும் நிற்கும். பின்னது எரிபொருளை மிச்சம் பிடிக்கும் வண்டியோடு நிற்கும். கற்பவருக்கென்றே அகராதி செய்யும் மரபு, ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பணியாற்றியபோது உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானதிலிருந்து வளர்ந்தது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டிய தரவை வைத்து, சொல்லை முழு வாக்கியத்துக்குள் நிறுத்தி விளக்கியது. ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடிவருகிறது என்று பார்த்தவருக்கு வரையறை பாதி தேவையில்லை.

தேர்வு வினாவையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அடைப்புக்குள் இரண்டு சொல்லைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், எதுவும் தெரியாதவருக்கும் பாதி வாய்ப்பு. எழுதும்போது யாரும் அப்படி இரண்டை நீட்டுவதில்லை. இது குழம்பும் இடம் என்றே அப்போது தோன்றாது. மாணவர்களின் கட்டுரைகளிலிருந்து எடுத்த ஒரு பத்தியைக் கொடுத்து, பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் மதிப்பெண் குறையும், ஆனால் எது தெரியும் எது தெரியாது என்பது வெளிப்படும்.

அந்தக் கட்டுரைகளிலிருந்தே பட்டியலும் பிறக்க வேண்டும். தமிழருக்கென்று பொதுவாக ஒன்று போடுவதுகூட முழுதாகச் சரிவராது. தமிழ்நாட்டில் டாக்டர், ஆபீஸ், காலேஜ் என்று ஆகாரத்தில் வரும் ஆங்கில உயிரை இலங்கைத் தமிழர் ஒகரத்தில் சொல்கிறார்கள். சட்டையின் 'காலர்', தொலைபேசியில் அழைக்கும் 'காலர்' இரண்டும் மதுரையில் மயங்கும். யாழ்ப்பாணத்தில் முன்னது 'கொலர்' ஆவதால் மயங்காது. அவர்கள் டொரண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்தால், ஆங்கில 'டி' ஒலியில் அவர்களுக்கு வேறொரு பட்டியல் தேவைப்படும் என்பது தெரியும்.